ஒரு கூடாரத்துக்குத்தான் இடம்

கூடாரத்தின் வாசலைக் கிழக்குப் பார்த்து வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. காட்சி எந்தப் பக்கம் அழகாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வாசலை வைத்துவிட்டு, விடியற்காலையில் பனியில் நனைந்த துணிக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள். காட்சியை எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெயில்தான் நாம் படுத்திருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

நீங்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எனக்கு இதுதான் முதல்.

டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. உங்கள் அலுவலக ஜன்னலில் இருந்து மலை முழுசாகத் தெரிகிறது என்பதை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. உங்கள் பெரிய அதிகாரியின் நாற்காலி காலியாக இருக்கிறது. காலையிலேயே மலைக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. என்னிடம் வாக்குமூலம் வாங்கும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். உங்களைப் பார்த்தால் பொறுமைசாலியாகத்தான் தெரிகிறது. என் நகத்தையே பார்க்கிறீர்கள். ஆமாம், மஞ்சள் பெயிண்ட்தான். அதற்கு வருகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மூக்கில் இருப்பது என் கடையில் வாங்கியதல்ல. இடது பக்கம் இறங்கியிருக்கிறது. போகும்போது சரிசெய்து தருகிறேன். வாரம் முழுக்க ஊரார் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பவனுக்கு, விடுமுறை நாளிலாவது யாரையும் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும் போல் இருக்கும். அப்படித்தான் எங்கள் ஊர் நடைக்குழுவில் சேர்ந்தேன். மலை ஏறுவோம், கூடாரம் அடித்துத் தங்குவோம், இறங்குவோம். ஒருவருக்கும் உபத்திரவம் இல்லாத பொழுதுபோக்கு.

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இன்னும் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. யாராவது கூடாரம் அடிக்கப் புதிதாக ஒரு நல்ல இடம் கண்டுபிடித்தால், முதலில் அங்கே தனியாக ஒரு இரவு தங்கிப் பார்க்க வேண்டும். பிறகு மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். தங்காமல் சொன்னால் செல்லாது. தங்கிவிட்டுச் சொல்லாமல் இருப்பது குழுவுக்கே துரோகம் என்பார் டீச்சர். சொல்லப்பட்ட இடத்துக்கு அடுத்த மாதம் குழு மொத்தமும் போகும்.

எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. பாதையில் வழிக்குறி போடுவது என் வேலை. பாறையிலும் மரத்திலும் மஞ்சளாகக் கோடு போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். பெயிண்டும் அனுமதியும் உங்கள் வனத்துறை கொடுத்ததுதான். கண் சம்பந்தப்பட்ட தொழிலில் இருப்பதால் எனக்கு இது நன்றாக வந்தது. நடக்கிறவர் தன் காலடியைப் பார்த்துத்தான் நடப்பார். ‘சரியாத்தான் போறோமா’ என்று சந்தேகம் வரும்போது மட்டும் தலையைத் தூக்குவார். தூக்கிய கண்ணுக்கு நேராகக் குறி இருக்க வேண்டும். அப்புறம், குறி போட்டதும் கீழே வழியும் பெயிண்டைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிடுவேன். வழிந்து காய்ந்தால் அசிங்கமாக இருக்கும். இந்தப் பழக்கம் பின்னால் எனக்கு உதவவில்லை.

நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் அடிக்கக் கூடாது. குளிர் இறங்கி அங்கேதான் தேங்கும். புல் ரொம்பப் பச்சையாக இருந்தால் அடியில் ஈரம் என்று அர்த்தம். தலைக்கு மேலே பட்ட கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓடைச் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் தூங்க முடியாத அளவுக்குக் கேட்கக் கூடாது. கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தாலும் அந்த இடம் வேண்டாம். கடைசியாக, அங்கே படுத்துப் பார்க்க வேண்டும். முதுகு சொல்லிவிடும்.

என் இடம் இதில் ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. மலை முகடு ஏறினதும் கவட்டை மரம் ஒன்று நிற்கிறதல்லவா. வலப்பக்கம் போனால் அருவி, எல்லோரும் போவது அங்கே. இடப்பக்கம் அப்போது குறியே கிடையாது. ஒரு நாள் அந்தப் பக்கம் இறங்கி, ஓடையின் மேல் கிடந்த மரத்தைக் கடந்து, இரட்டைப் பாறைக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன். அந்தப் பக்கம் ஒரு புல்மேடு. மூன்று பக்கம் பாறையும் மரமும், பின்னால் அடர்ந்த புதர், கிழக்கு மட்டும் திறந்திருந்தது. நான் பையைக்கூடக் கழற்றாமல் படுத்தேன். எழுந்தபோது சாயங்காலம். அவ்வளவு நன்றாகப் பிறந்ததில் இருந்து நான் தூங்கியதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மாதக் கூட்டத்தில் டீச்சர், “புதுசா யாராவது இடம் பார்த்தீங்களா?” என்று கேட்டார். நான் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் பிஸ்கட் இருக்கும்போது பேசுவது மரியாதை இல்லை.

இதைச் சுயநலம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அளந்து பார்த்தேன். அந்த மேட்டில் ஒரு கூடாரத்துக்குத்தான் இடம். முப்பது பேர் குழுவிடம் ஒரு கூடாரம் பிடிக்கும் இடத்தைச் சொன்னால் சண்டைதான் வரும். நான் குழுவின் ஒற்றுமையைக் காப்பாற்றினேன்.

காப்பாற்றுவது என்று இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. இடப்பக்கம் எப்படி என்று சிலர் கேட்டார்கள். அட்டை ஜாஸ்தி என்றேன். உண்மையில் அங்கே அட்டை கிடையாது. எனக்குப் பொய் சொல்வது பிடிக்காது. அதனால் அருவிப் பக்கத்தில் இருந்து அட்டைகளைப் பிடித்து, ஈரப் பாசி வைத்த மூக்குக்கண்ணாடிக் கூடுகளில் போட்டு, இடப்பக்கம் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நாளில் குடும்பம் குட்டியோடு பெருகிவிட்டன. அதற்கப்புறம் நான் சொன்னது உண்மை.

ஓடையின் மேல் கிடந்த மரம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதாக உங்கள் கோப்பில் இருக்கும். அந்த வருஷம் மழையே பெய்யவில்லை. இதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

ஒருமுறை புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வழிதவறி இரட்டைப் பாறைக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். எனக்குக் காப்பி எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். போன வருஷம் இதே இடத்தில் தங்கிய ஜோடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அந்த ஜோடி நானும் என் மனைவியும்தான். வேறு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டோம் என்று நினைத்து ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காரர் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கியது பாறைக்கு இந்தப் பக்கம்தான், அந்தப் பக்கம் நான் அவளைக் கூட்டிப் போகவில்லை. ஒரு வார்த்தை பொய் இல்லை. காப்பியைக்கூடக் குடிக்காமல் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

இப்படிச் சில வருஷங்கள் நிம்மதியாகப் போயின. அப்புறம்தான் என் மச்சினன் வந்தான்.

என் மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை. ஆள் தங்கமானவன், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வாய் ஓயாது. இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலே மறந்துபோகும் அளவுக்குப் பேசுவான். தனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை ஊருக்கே சொல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. எட்டுப் பேர் படுக்கும் கூடாரம் வைத்திருக்கிறான். தனி ஆள். ‘யாராவது வந்தா?’ என்பான்.

என் மனைவிதான் அவனைக் குழுவில் சேர்த்துவிட்டாள். வந்த வேகத்தில் ஆற்றோரமாக ஒரு தோப்பைக் கண்டுபிடித்தான். சட்டப்படி ஒரு இரவு தங்கினான், கூட்டத்தில் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஜனங்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் நான் இடம் சொன்னபோது தலையாட்டினார்களே தவிரக் கைதட்டியதில்லை. அடுத்த மாதம் அந்தத் தோப்பில் கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு இடித்தது. ஒருவர் பாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். ஒருவர் ஊஞ்சல் கட்டினார். மச்சினன் எல்லோருக்கும் ஆம்லெட் போட்டுக் கொடுத்துக்கொண்டு ஓடியாடித் திரிந்தான். அவன் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நல்ல இடம் எங்கே இருந்தாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“அத்தான், இரட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“அட்டை இருக்கு.”

“அட்டைதானே? கொஞ்சம் உப்பு கொண்டுபோனா ஆச்சு. நான் வரைபடத்துல பார்த்தேன் அத்தான். அங்க உயரக் கோடெல்லாம் விலகி நிக்குது. சமதரை இருக்கணும். வர்ற சனிக்கிழமை போய்த் தங்கிப் பார்க்கப் போறேன்.”

“தனியாவா?” என்றாள் என் மனைவி.

“சட்டப்படி முதல் ராத்திரி தனியாத்தானேக்கா தங்கணும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “என்னங்க, பாதை சரியா இருக்கான்னு நீங்க ஒருதரம் பார்த்துட்டு வந்துடுங்களேன். இவன் பராக்குப் பார்த்துட்டே நடப்பான்.”

பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். சொன்னபடி போனேன்.

என் திட்டத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. இரட்டைப் பாறைக்குக் கீழே, மேற்குச் சரிவில் ஒரு சதுப்பு இருக்கிறது. கவட்டை மரத்தில் இருந்து அந்தச் சதுப்பு வரைக்கும் புதிதாக மஞ்சள் குறி போட்டுவிட்டால், அவன் அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்ச் சேற்றில் இறங்கிவிடுவான். முழங்கால் வரைக்கும் நனைவான். பூட்ஸ் போகும். வெறுத்துப்போய்த் திரும்பி வந்து, இடப்பக்கம் உருப்படாத இடம் என்று அவன் வாயாலேயே ஊர் முழுக்கத் தண்டோரா போடுவான். அவனைவிட நல்ல தண்டோரா எனக்கு எங்கே கிடைக்கும்.

கவட்டை மரத்தில் முதல் குறியைப் போட்டேன். சரிவில் இறங்கினேன். இரண்டாவது குறிக்கான இடத்தில் காலடிக் கல் ஆடியது. ஆடுகிற கல்லுக்கு எதிரே நான் குறி போட்டதே இல்லை. கொஞ்சம் மேலே நல்ல தரை இருந்தது, அங்கே போட்டேன். அடுத்தது வெட்டவெளி. உச்சி வெயிலில் ஒரு ஆளை அதன் வழியாக நடத்த மனசு வரவில்லை, நிழல் பக்கமாகத் திருப்பினேன். ஓடை வந்தது. பாலமாகக் கிடந்த மரம் இல்லை, அது ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நல்ல தட்டையான கற்களாகப் பார்த்துப் புரட்டி ஓடைக்குக் குறுக்கே போட்டு, ஒவ்வொன்றின் மேலும் நானே ஏறி நின்று, ஆடுகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கும் இடத்தில் உட்கார ஒரு பாறை இருந்தால் தேவலை என்று தோன்றியது. அப்படி ஒரு பாறையைத் தேடிக் கண்டுபிடித்து அந்த வழியாகக் கொண்டுபோனேன். முட்செடிகளை வெட்டி ஒதுக்கினேன். விசில் அடித்துக்கொண்டே வேலை பார்த்தேன் என்பது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

நடுவில் பனிமூட்டம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு அடர்ந்த புதருக்கு முன்னால் பெரிய மரம் ஒன்று நின்றது. அதற்கு அந்தப் பக்கம் சதுப்பு என்று கணக்குப் போட்டு, அந்த மரத்தில் கடைசிக் குறியைப் போட்டு, கட்டைவிரலால் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

சனிக்கிழமை காலை மச்சினன் கிளம்பினான். மத்தியானம் மழை பிடித்தது. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் அவன் வரவில்லை.

“என்னங்க, இவன் போனே போகலையே” என்று என் மனைவி வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். மலையில் சிக்னல் இருக்காது என்றேன். உண்மைதானே. திங்கட்கிழமை காலை டீச்சர் வந்துவிட்டார், உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். நானும் கல் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழைக்கு அந்தச் சதுப்பில் தண்ணீர் இடுப்புவரை ஏறும், மச்சினன் குள்ளம்.

தேடுதல் குழுவை யார் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மலையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் பின்வாங்கவில்லை. முன்னால் நடந்தேன். கவட்டை மரம் வந்தது. இடப்பக்கம் போனால் புதுப் பெயிண்ட் பளிச்சென்று தெரியும். கவட்டை மரத்துக் குறிக்கு முன்னால் என் மழைக்கோட்டை விரித்து உதறியபடி நின்றுகொண்டு, “அவனுக்கு அருவின்னா உயிர்” என்றேன்.

உயிர்தான். போன வருஷம் அருவிக்குப் போய்விட்டு வந்து வாரக்கணக்காக அதையே பேசிக்கொண்டிருந்தான். எல்லோரும் வலப்பக்கம் திரும்பினார்கள். திங்கட்கிழமை பூராவும் அருவிப் பக்கம் தேடினோம். மச்சினன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். எல்லோரையும்விட என் குரல்தான் ஓங்கியிருந்தது, வேண்டுமானால் உங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் தேடச் சொன்னேன். ஒரு இடத்தைத் தேட ஆரம்பித்தால் முழுசாகத் தேட வேண்டும்.

என் மனைவி அடிவாரத்தில் உங்கள் சோதனைச் சாவடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் ஸ்வெட்டர். நான் இறங்கி வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னை என்னவோ செய்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் பிளாஸ்க்கில் இருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்ததும் சரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சினன் தானாகவே இறங்கி வந்தான். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். கன்னம் இரண்டும் பழம் மாதிரி இருந்தன. இத்தனை பேர் எதற்குக் கூடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஏதாவது விழாவா என்று கேட்டான். அக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு முதுகில் இரண்டு வைத்தாள்.

“அக்கா, அடிக்காதே, சொல்றதைக் கேளு. ஒரு ராத்திரி தங்கலாம்னுதான் போனேன். விட்டு வர மனசே வரலை. மழை ஒரு பக்கம் பெய்யுது, எனக்கு ஒரு சொட்டு விழலை. காலையில கண்ணைத் திறந்தா மூஞ்சி மேல வெயில். இப்படி ஒரு இடம் இருக்குன்னு தெரியாமலே செத்திருப்போம்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். “அதைவிட அந்த வழி இருக்கே அத்தான். யார் போட்டதோ, அவர் கையில முத்தம் கொடுக்கணும். கால் நோகலை. தாகம் எடுத்தா ஓடை வருது. களைச்சா உட்காரக் கல் வருது. கடைசிக் குறிக்கிட்ட ஒரு புதர். அதை விலக்கிட்டு எட்டிப் பார்த்தா சொர்க்கம்.”

நான் இத்தனை வருஷமும் இரட்டைப் பாறை வழியாகத்தான் உள்ளே போனேன். என் புல்மேட்டின் பின்பக்கத்தை வெளியில் இருந்து பார்த்ததே இல்லை. ஒவ்வொரு குறியையும் நல்ல தரைக்கு நல்ல தரை மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனதில், சதுப்பை அங்கேயே விட்டுவிட்டு, அவனைக் கைப்பிடித்து என் படுக்கையிலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறேன். ஊர்க் கண்ணை எல்லாம் சோதிக்கிறவன் நான்.

அவன் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினான். டீச்சர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். புல்மேட்டைப் பார்க்கவில்லை. மரத்தில் இருந்த குறியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“வழியிற பெயிண்டை இப்படிக் கட்டைவிரலால துடைக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்” என்றார் என்னிடம். “இந்த வழி இருக்குறது உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் எங்களை ரெண்டு நாள் அருவியைச் சுத்த விட்டீங்க?”

கணக்கு டீச்சர் அல்லவா. விடை தெரிந்துகொண்டுதான் கேள்வி கேட்பார்கள். மச்சினன் மட்டும் கடைசிவரை, “அத்தான் எனக்கு சர்ப்ரைஸ் கொடுக்கத்தான் போட்டிருக்காரு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆள் தங்கமானவன் என்று சொன்னேனே.

வீட்டுக்கு வந்தோம். என் மனைவி ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எத்தனை வருஷமா அங்க போறீங்க?”

சொன்னேன்.

“என்னை ஒரு நாள்கூடக் கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா?”

“அங்க ஒரு கூடாரத்துக்குத்தான் இடம் இருக்கு” என்றேன்.

“உங்க கூடாரமும் என் கூடாரமும் ஒண்ணுதானேங்க.”

அவள் குறட்டை விடுவாள் என்பதைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது பொருத்தமாக இருக்காது என்று பட்டது. அதில் இருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

மிச்சம் உங்களுக்கே தெரியும். மச்சினன் படத்தைக் கொண்டுபோய் உங்கள் பெரிய அதிகாரியிடம் காட்டியிருக்கிறான். அவருக்கும் பிடித்துவிட்டது. பாறையை உடைத்து மேட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். பெஞ்சு, கழிப்பறை, பெயர்ப்பலகை, அப்புறம் சிக்னலுக்கு ஒரு கோபுரம். இன்றைக்கு நேரில் பார்த்து முடிவுசெய்கிறார்கள். அதிகாரி, டீச்சர், மச்சினன் மூன்று பேரும் போவதாகத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆமாம், அந்தக் குறிகளைப் போட்டது நான்தான். அவன் சேற்றில் இறங்க வேண்டும் என்றுதான் போட்டேன். அவன் அதில் கிடப்பதாக நினைத்துக்கொண்டுதான் இரண்டு நாள் எல்லோரையும் எதிர்ப்பக்கம் கூட்டிப்போனேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

என் தவறு எனக்குப் புரிந்துவிட்டது. போன தடவை நடப்பவர்களுடைய காலைப் பற்றி அதிகமாக யோசித்துவிட்டேன். தொழில் பழக்கம், சட்டென்று விடாது. நேற்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அந்தக் குறிகளை எல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். ஓடைக் கற்களைக் கொஞ்சம் தளர்த்தினேன். அப்புறம் புதிதாகக் குறி போட்டேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை, நேராகப் போட்டேன். துடைக்கவும் இல்லை. நகத்தில் இருப்பது அதுதான்.

மச்சினன் அந்த வழியில் போய் வந்தவன்தானே, வித்தியாசம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவன் பேசிக்கொண்டே நடப்பான். குறி இருந்தால் போதும். இரண்டு ராத்திரியாக மேலே மழை, அதனால் சதுப்பில் தண்ணீர் நெஞ்சுவரை இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. விழுந்த இடத்திலேயே அசையாமல் நின்றால் ஒன்றும் ஆகாது.

என் மனைவியும் அவர்களோடு போகிறாள் என்பது இன்று காலை அவள் பூட்ஸ் மாட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ‘நானும் ஒருதரம் பார்த்துட்டு வந்துடறேன்’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வாசல்வரைக்கும் போனேன். சொல்லியிருக்கலாம்தான். பேச்சுவார்த்தை இல்லாத நேரத்தில் நாமாகப் போய்ப் பேசினால் நன்றாக இருக்காது. அவள் பூட்ஸ் கயிற்றைத் தளர்வாகக் கட்டியிருந்தாள், குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? போனை வையுங்கள், மேலே சிக்னல் வராது. நல்ல இடத்துக்கு அதுதான் அடையாளம் என்று முதலிலேயே சொன்னேனே. கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள், இடது பக்கத்தைச் சரிசெய்துவிடுகிறேன், ஓடும்போது விழுந்துவிடும்.

தேடுதல் குழு போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்த மலையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. டீச்சருக்கும் அருவி என்றால் உயிர்.